வெள்ளைப் பலகையில் மூன்று வரி

(அறிவியல் தரவுப் பயிலரங்கு ஒன்றின் நிறைவு அமர்வில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். நிறைவு அமர்வில் பேசுகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. பாதிப் பேர் பஸ்ஸுக்கு நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள், மீதிப் பேர் சான்றிதழுக்குக் காத்திருப்பார்கள். சுருக்கமாகவே பேசப் பார்க்கிறேன்.

இரண்டு நாளாக அந்தச் சுவர் முழுக்க மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிறீர்கள். தேநீர் இடைவேளையில் ஒன்றுவிடாமல் படித்தேன். ‘தரவுகளைப் பொதுவில் வைக்க வேண்டும்.’ ‘எல்லோரும் ஒரே வடிவத்தில் பதிய வேண்டும்.’ ‘பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்ற வேண்டும்.’ எல்லாம் நல்ல யோசனைதான். ஆனால் எந்தச் சீட்டிலும் எழுவாய் இல்லை. வைக்க வேண்டும், சரி, யார் வைப்பது? நம் மொழியில் இந்த ‘வேண்டும்’ பெரிய வசதி. ஆளைச் சொல்லாமலே வாக்கியம் அழகாக முடிந்துவிடும். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரே தீர்மானத்தை மூன்று வருடம் தொடர்ந்து நிறைவேற்றினோம். முன்மொழிந்தவரும் நானே. முதல் வருடக் கூட்டக் குறிப்பைத் திறந்து பார்த்திருந்தால் இரண்டாம் வருடமே வெட்கப்பட்டிருப்பேன். யாரும் திறக்கவில்லை, நான் உட்பட.

எழுவாயோடு முடிந்த ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

1996 பிப்ரவரி கடைசி. அட்லாண்டிக் கடலில் பெர்முடா தீவு, ஹாமில்டன் நகரம். லண்டன் வெல்கம் அறக்கட்டளையின் செலவில் ஐம்பது பேர் அளவுக்குக் கூடியிருந்தார்கள். மனித மரபணுத் தொகுதியின் சுமார் 300 கோடி எழுத்துகளை, அதாவது டி.என்.ஏ. இழையில் வரிசையாக நிற்கிற வேதிப்பொருள்களின் குறியீடுகளை, பல நாட்டு ஆய்வகங்கள் பங்கு போட்டுப் படிக்கப்போகின்றன. படித்ததை எப்போது வெளியே விடுவது? இதுதான் கேள்வி. அன்றைய வழக்கம், கட்டுரை அச்சாகும்வரை தரவைப் பெட்டியில் பூட்டி வைப்பது. காப்புரிமைக்கு எழுதிப் போட்டுவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்பவர்களும் இருந்தார்கள்.

கேம்பிரிட்ஜ் அருகே சாங்கர் மையம் என்ற மரபணு ஆய்வகத்தை நடத்திவந்த ஜான் சல்ஸ்டன் வெள்ளைப் பலகையில் எழுதினார். மூன்றே வரி. ஆயிரம் எழுத்துக்கு மேல் ஒன்றுசேர்ந்த துண்டுகள் தானாகவே வெளியாக வேண்டும், முடிந்தால் அன்றன்றே. சரிபார்த்து முடிந்த பகுதி உடனே வெளியாக வேண்டும். மொத்தத் தொகுதியும் பொதுச்சொத்தாக, ஆய்வுக்கும் தொழிலுக்கும் இலவசமாக இருப்பதே குறிக்கோள். ‘24 மணி நேரத்துக்குள்’ என்று உலகம் பின்னால் பேசிக்கொண்டது இதைத்தான்.

இந்த வரிகளிலும் ‘வேண்டும்’ இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அந்த அறையில் எழுவாயும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. பணம் கொடுப்பவர்கள், பிரிட்டனிலிருந்து வெல்கம், அமெரிக்காவிலிருந்து அரசின் மரபணு ஆய்வு நிதியைக் கவனிப்பவர்கள், நேரிலேயே வந்திருந்தார்கள். ஏப்ரலிலேயே அமெரிக்கத் தேசிய மனித மரபணுத் தொகுதி ஆய்வு மையம் இதைத் தன் கொள்கையாக வெளியிட்டது. இனி மானியம் கேட்கிற ஆய்வகம் தரவை எவ்வளவு வேகமாக வெளியே விடுகிறது என்பதையும் பார்ப்பார்கள். தீர்மானம் பணத்தோடு முடிச்சுப் போட்டுக்கொண்டது. இதில் ஒரு சட்டச் சிக்கலும் இருந்தது. அரசுப் பணத்தில் கண்டுபிடித்ததற்கும் ஆய்வகங்கள் காப்புரிமை கேட்கலாம் என்று 1980-லேயே அங்கே சட்டம் வந்திருந்தது. அதனால் காப்புரிமை கேட்காதே என்று தடை போட முடியாது. உடனே வெளியிடு என்று சொல்லலாம். வெளியே வந்துவிட்ட எழுத்துகளை அப்புறம் தன்னுடையது என்று சொல்வது கடினமாகிவிடும். நேர்வழி அடைபட்டதால் பக்கத்துச் சந்து வழியாகப் போனார்கள் என்று வையுங்கள்.

அந்த மூன்று வரி பெர்முடாவில் முளைத்ததும் இல்லை. சல்ஸ்டனும் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் இருந்த ராபர்ட் வாட்டர்ஸ்டனும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவின் மரபணுத் தொகுதியைச் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புழுவை ஆராய்கிறவர்கள் ஒரு குடும்பம் மாதிரி. அரைகுறை முடிவைக்கூட ஒருவருக்கொருவர் காட்டிவிடுவார்கள். படித்த எழுத்துகளை உடனுக்குடன் வெளியே விடுவது அந்த இரண்டு ஆய்வகங்களிலும் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வேலை. பலகையில் எழுதியது கனவு இல்லை, கைப்பழக்கம். ‘நடக்குமா?’ என்று கேட்டவரிடம் ‘நடக்கிறதே, வந்து பாருங்கள்’ என்று சொல்ல முடிந்தது.

போட்டு வைக்க இடமும் இருந்தது. அமெரிக்காவில் ஜென்பேங்க், ஐரோப்பாவில் ஒன்று, ஜப்பானில் ஒன்று என்று மூன்று தரவுத்தளங்கள் தினமும் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டிருந்தன. எங்கே போட்டாலும் மூன்றிலும் கிடைக்கும். நம் கூட்டங்களில் இந்த இடத்தில்தான் வண்டி நிற்கிறது. பகிர்வோம் என்று கை தூக்குகிறோம், பகிர்ந்ததை வாங்கி வைக்கிற திண்ணை கிடையாது.

இவ்வளவு இருந்தும் எல்லோரும் மறுநாளே ஒழுங்காக நடக்கவில்லை. ஜெர்மனியின் மரபணுத் திட்டத்தில், பணம் போட்ட தொழில் நிறுவனங்கள் தரவைச் சில மாதம் முன்னதாகவே பார்க்கிற சலுகை இருந்தது. அதை விடவைக்கப் பெரிய இழுபறி நடந்தது. 1997-லும் 1998-லும் அதே தீவில் திரும்பக் கூடினார்கள். ஊர் கூடித் தேர் இழுப்பது ஒரு நாள் உற்சாகம். தேரை நிலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதில்தான் தோள் வலிக்கும். அந்த இரண்டு கூட்டங்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு முதல் கூட்டத்தைவிட அவைதான் முக்கியமாகத் தெரிகின்றன.

1998 மே மாதம் கிரெய்க் வெண்டர் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் செலரா என்ற தனியார் நிறுவனம் அதே மனித மரபணுத் தொகுதியைப் படிக்கப் போட்டிக்கு வந்தது. பொதுத் திட்டத்தின் தரவு அன்றாடம் திறந்தே கிடந்ததால் செலராவும் அதை எடுத்துப் பயன்படுத்தியது. கதவைத் திறந்து வைத்தால் இவரும்தான் வருவார், அவரும்தான் வருவார். இன்னொரு மனக்குறையும் இருந்தது. ராத்திரி பகல் பார்க்காமல் படித்து வெளியிட்டது ஒருவர், அதை எடுத்து முதலில் கட்டுரை எழுதியது இன்னொருவர் என்றால்? 2003 ஜனவரியில் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் இதற்காகவே கூடினார்கள். தரவைத் தருபவர், எடுப்பவர், பணம் கொடுப்பவர் என்று மூவருக்கும் பொறுப்பு உண்டு என்று எழுதிக்கொண்டார்கள். ஏழு வருடம் கழித்துப் பழைய விதியின் ஓட்டையைப் பார்த்து அடைக்க ஆள் வந்தார்கள் பாருங்கள், எனக்கு அதுதான் ஆச்சரியம்.

இப்போதெல்லாம் இதை முன்கூட்டியே யோசித்து அமைப்பு நடத்துகிறார்கள். 2013-ல் தொடங்கிய ஆய்வுத் தரவுக் கூட்டணி என்ற சர்வதேச அமைப்பில் பணிக்குழு ஒன்றுக்கு ஏறக்குறைய 18 மாதம்தான் ஆயுள். அதற்குள் பிறர் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒன்றைச் செய்து கொடுத்துவிட்டுக் கலைய வேண்டும். கலைவதற்குத் தேதி குறித்துக்கொண்டு ஆரம்பிப்பது நமக்குக் கொஞ்சம் அபசகுனமாகப் படலாம். எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால் ஒரு வேண்டுகோள்: வெளியே போகும்முன் உங்கள் மஞ்சள் சீட்டை எடுத்து, அதில் உங்கள் பெயரையும் ஒரு தேதியையும் எழுதுங்கள். எழுதக் கை வராத சீட்டைக் கிழித்துவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. 1950 ஏப்ரலில் அமெரிக்காவின் மேரிலாந்தில், ஜேம்ஸ் வான் ஆலன் என்ற இயற்பியலாளரின் வீட்டு இரவு விருந்தில், லாயிட் பெர்க்னர் என்ற இன்னோர் இயற்பியலாளர் ஒரு பேச்சை எடுத்தார்: பூமியை எல்லா நாடுகளும் ஒரே நேரத்தில் சேர்ந்து அளந்தால் என்ன? அந்தப் பேச்சுதான் வளர்ந்து, 1957 ஜூலை முதல் 1958 டிசம்பர் வரை 67 நாடுகள் சேர்ந்து நடத்திய சர்வதேச புவி இயற்பியல் ஆண்டானது. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் அது. ஆனாலும் அளந்த தரவுகளுக்கு ஒரு மையம் அமெரிக்காவில், ஒன்று சோவியத் யூனியனில், மற்றவை ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் என்று பிரித்து வைத்தார்கள். ஒருவர் தொலைத்தாலும் மற்றவரிடம் இருக்கும். அந்த மையங்கள் அரை நூற்றாண்டு தாண்டி ஓடின. 2008-ல்தான் உலகத் தரவு அமைப்பு என்ற புது ஏற்பாட்டுக்குள் அவற்றைக் கொண்டுவர முடிவெடுத்தார்கள்.

அந்த ஆண்டை ஒட்டிக் கிடைத்த பணத்தில்தான் சார்லஸ் கீலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஹவாயின் மவுனா லோவா மலையில் காற்றிலிருக்கும் கரியமில வாயுவை அளக்க ஆரம்பித்தார். 1958 மார்ச்சில் பத்து லட்சத்துக்கு 313 பங்கு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. உலகமே பார்க்கிற வரைபடம் அது. புவி இயற்பியல் ஆண்டு முடிந்தபின் அந்தக் கருவியை ஓட்டுவது யார் பொறுப்பு, யார் சம்பளம் தருவது என்று வருடாவருடம் கீலிங் வாதாட வேண்டியிருந்தது. 1964-ல் அமெரிக்க அரசு நிதியை வெட்டியது. வீட்டுக்குப் போய் அந்தத் தரவுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். அந்த ஆண்டு பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மூன்று மாதத்துக்கும் மலையில் அளந்த எண் இல்லை.