‘ஓவர் ஆக்டிங்’, ‘ஸ்லோ’: இந்த ரெண்டு வார்த்தையைத் தாண்டி ஒரு படத்தைப் பேசறது எப்படி?

[திரையில்: வேலூர்க் கோட்டை அகழி. மேலே தலைப்பு.]

வணக்கம். டிராமா படங்களைப் பத்தி பேச்சு வந்தாலே பழசுக்கு ‘ஓவர் ஆக்டிங்’, புதுசுக்கு ‘ஸ்லோ’ன்னு ஒரே வார்த்தையில தீர்ப்பு சொல்லிடறோம். அந்தப் படம் தன் பாரத்தைக் காதுமேல ஏத்தியிருக்கா, கண்ணுமேல ஏத்தியிருக்கான்னு பார்க்கறதே இல்லை.

அதைப் பார்க்க ஒரு சோதனை இருக்கு. முதல் தடவை படத்தை நிறுத்தாம பாருங்க, எதையும் குறிக்க வேண்டாம். அப்புறம் கதை திரும்பற காட்சி ஒண்ணை எடுத்துக்குங்க. அஞ்சு நிமிஷம் போதும். ஒரு தடவை மியூட் பண்ணிப் பாருங்க. இன்னொரு தடவை திரைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு கேளுங்க. எதுல காட்சி நிக்குது, எதுல சரியுதுன்னு எழுதிக்குங்க.

பழைய படம்னா முதல்ல பிரதியைச் சரிபாருங்க. 1950-கள்ல வந்த தமிழ்ப் படங்களோட ஃபிரேம், அதாவது அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம், கிட்டத்தட்ட 4:3. அதை இப்போதைய டிவியோட 16:9-க்கு இழுத்திருந்தா முகமெல்லாம் அகலமாயிடும். ரிமோட்ல 4:3-க்கு மாத்தினா சரியாகும். மேலயும் கீழயும் வெட்டி நிரப்பியிருந்தா கை அசைவு திரைக்கு வெளியே போயிடும். அந்தப் பிரதியை வச்சு நடிப்பைப் பத்திப் பேசவே கூடாது, வேற பிரதி தேடுங்க.

[திரையில்: 1952 – ‘பராசக்தி’]

நம்ம ஊர்லேருந்தே ஆரம்பிக்கலாம். கிருஷ்ணன் – பஞ்சு இயக்கி, மு. கருணாநிதி வசனம் எழுதி, 1952 தீபாவளிக்கு வந்த ‘பராசக்தி’. ஏவி.எம்.மோட சேர்ந்து இதை எடுத்த நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் முதலியார் வேலூர்க்காரர். புதுமுகம் கணேசனை மாத்தணும்னு பேச்சு வந்தப்ப, முடியாதுன்னு நின்னவர். சிவாஜி அதை மறக்காம, பொங்கலுக்கு வேலூர் வந்து அவரைப் பார்த்துட்டுப் போறதை வழக்கமாவே வச்சிருந்தார்.

நீதிமன்றக் காட்சியை மியூட் பண்ணுங்க. கூண்டுல ஒருத்தர் நின்னு கையை வீசறது மட்டும்தான் மிச்சம். இப்ப திரும்பி உட்கார்ந்து கேளுங்க. குரல் எங்க தாழுது, எங்க அடுக்கடுக்கா ஏறுது, மூச்சு எங்க நிக்குது... ஒரு இடம்கூட சரியாது. நாடகத்துலேருந்து வந்த கதை, மேடையிலேருந்து வந்த நடிகர். கடைசி வரிசைக்கும் குரல் சேரணும்ங்கறதுதான் அவங்க படிச்ச பாடம். வட ஆற்காட்டுக்காரங்களுக்கு இது புரியாம போகாது. திரௌபதி அம்மன் திருவிழாவுல விடிய விடியக் கூத்து பார்க்கறோம். துகிலுரிதல்ல திரௌபதி வேஷக்காரர் கதறும்போது யாரும் ‘ஓவர் ஆக்டிங்’னு எழுந்து போறதில்லையே.

அப்ப இந்தப் படத்துல குறையே இல்லையா? இருக்கு, வேற இடத்துல. பசியில குழந்தையை ஆத்துல வீசின நாயகனோட தங்கச்சி கல்யாணி குற்றவாளியா, அவளை அங்க துரத்தின சமூகம் குற்றவாளியா? படம் எழுப்பற பெரிய கேள்வி இதுதான். பதில் சொல்ல வேண்டிய நேரத்துல, குழந்தை நாயகி விமலாவோட படகுல விழுந்து பிழைச்சிடுச்சுன்னு தெரிய வருது. கல்யாணி விடுதலை. கேள்வி அப்படியே நின்னுடுது. டிராமாவுல பாத்திரத்தோட முடிவு செய்ய வேண்டிய வேலையைத் தற்செயல் செஞ்சா, அதுவரைக்கும் கட்டின கட்டடம் ஆட்டம் கண்டுடும். நடிப்பைத் திட்டறவங்க பெரும்பாலும் இந்த ஓட்டையைக் கவனிக்கறதில்லை.

[திரையில்: 1979 – ‘உதிரிப்பூக்கள்’]

மகேந்திரனோட ‘உதிரிப்பூக்கள்’ இதுக்கு நேர் எதிர். புதுமைப்பித்தனோட ‘சிற்றன்னை’யிலேருந்து கிளம்பின கதை. அசோக்குமார் கேமரா, இளையராஜா இசை. மியூட் பண்ணினாலும் ஆத்தங்கரைக் கடைசிக் காட்சி நிக்கும். கொடுமைக்காரனைச் சாகச் சொல்லி ஊரே சூழ்ந்து நிக்குது. விஜயன் நடிச்ச சுந்தரவடிவேலு குழந்தைங்ககிட்ட விடைபெற்றுத் தண்ணிக்குள்ள இறங்கறார். கெட்டவன் ஒழிஞ்சான்னு கை தட்ட முடியாதபடி அந்தக் குழந்தைங்க கரையில இருக்காங்க. தண்டனை யாரு தலையில விழுதுன்னு வசனம் இல்லாமலே தெரியுது. எங்க பார்வையில தமிழ்ல வந்த மிக நேர்மையான முடிவுகள்ல இதுவும் ஒண்ணு. மனைவியோட தங்கச்சி செண்பகத்தை அவர் அவமானப்படுத்தற காட்சிதான் உறுத்தல். ஊரைக் கொதிக்க வைக்க ஒரு பெண்ணோட உடம்பைக் கருவியாக்கிக்குது. நல்ல படம்ங்கறதுக்காக இதைச் சொல்லாம விடக்கூடாது.

[திரையில்: 2021 – ‘கூழாங்கல்’]

இப்ப ‘ஸ்லோ’. பி.எஸ். வினோத்ராஜோட ‘கூழாங்கல்’ நெதர்லாந்துல நடக்கற ரோட்டர்டாம் திரைப்பட விழாவுல டைகர் விருது வாங்கின படம். நீளம் ஒண்ணேகால் மணி நேரம்தான், ஆனா நீளமாத் தெரியும். கோவிச்சுக்கிட்டுப் போன அம்மாவைக் கூட்டிட்டு வர, குடிகார அப்பாவும் பையனும் மதுரைப் பக்கத்து வெயில்ல நடந்துக்கிட்டே இருக்காங்க. கத்தரி வெயில்ல வேலூர் ரோட்டுல நடந்தவங்களுக்கு அந்த நீளம் ஏன் வேணும்னு தனியா சொல்ல வேண்டியதில்லை. தாகத்துக்குப் பையன் வாயில ஒரு கூழாங்கல்லைப் போட்டுக்கறான். வீட்டுக்கு வந்து அதை வைக்கற இடத்துல ஏற்கெனவே நிறைய கல் கிடக்குது. இந்த நடை எத்தனாவது தடவைன்னு அந்த ஒரே ஷாட் சொல்லிடுது. நடையை வெட்டியிருந்தா அந்தக் கல்லுக்குக் கனமே வந்திருக்காது.

அதுக்காக மெதுவா போற படமெல்லாம் நல்ல படம் ஆயிடாது. ஒரு ஷாட் நீளும்போது அதுக்குள்ள ஏதாவது மாறுதான்னு பாருங்க: ஒரு முகம், ஒரு தூரம், நமக்குத் தெரிஞ்ச ஒரு தகவல். எதுவுமே மாறலைன்னா அப்ப ‘ஸ்லோ’ன்னு தாராளமா எழுதலாம், எந்த ஷாட்டுன்னும் சேர்த்து.

எழுத உட்காரும்போது கதைச் சுருக்கம் மூணு வாக்கியத்தைத் தாண்ட வேண்டாம். விமர்சனம் கெடறது பெரும்பாலும் அங்கதான். பாதிப் பக்கம் கதையே ஓடிடும், கருத்துக்கு இடம் இருக்காது. ஒரே ஒரு கருத்தை எடுத்துக்குங்க. அதைத் தாங்க ரெண்டு காட்சியைக் காட்டுங்க. அதை எதிர்க்கற காட்சி ஒண்ணு படத்துல இருந்தா அதையும் வைங்க. ‘கண்ணீர் வந்துடுச்சு’ன்னு எழுதினா, எந்த நொடியில வந்துச்சு, அப்ப திரையில என்ன இருந்துச்சு, காதுல என்ன கேட்டுச்சுன்னு அடுத்த வரியிலயே எழுதுங்க. அந்த அடுத்த வரி வரலைன்னா முதல் வரியை அடிச்சிடுங்க.