இந்தக் கால்குலேட்டர் தரப்போகும் ‘ரேண்டம்’ எண் எனக்கு இப்போதே தெரியும்!

(திரையில்: டிஐ-84 கால்குலேட்டர், ரீசெட் செய்யப்படுகிறது)

கையில் டிஐ-84 இருப்பவர்கள் மெமரியை மொத்தமாக அழித்துவிட்டு, ரேண்டம் எண் ஒன்று கேளுங்கள். 0.9435974025 வந்ததா? மந்திரம் எதுவும் இல்லை. ரீசெட் செய்த டிஐ-84 எல்லாமே இதைத்தான் முதலில் காட்டும். ஒரு வகுப்பே சேர்ந்து அழுத்தினாலும் அத்தனை பேருக்கும் ஒரே ‘தற்செயல்’ எண்!

காரணம் எளிது. கணக்குப் போடும் இயந்திரத்துக்குத் தன்னிஷ்டம் என்று ஒன்று கிடையாது. ஓர் எண்ணை விதையாகக் கொடுத்தால், ஏதோ கணக்குப் போட்டு அடுத்த எண்ணைத் தரும். அதையே மறுபடி கணக்கில் போட்டு அதற்கடுத்தது. டிஐ-84-க்கு ஆரம்ப விதை 0. அவ்வளவுதான் பின்னணி. இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி.

(திரையில்: 1234)

1940-களில் ஜான் வான் நாய்மன் என்ற கணித மேதை ரேண்டம் எண் எடுக்க ஒரு வழி சொன்னார். ஓர் எண்ணை அதனாலேயே பெருக்கு, நடுவில் இருப்பதை மட்டும் எடு. 1234-ஐ 1234-ஆல் பெருக்கினால் 1522756. எட்டு இலக்கமாக்க முன்னால் ஒரு சுழியம் போடுங்கள்: 01522756. நடு நான்கு இலக்கம் 5227. அதை வர்க்கம் செய்தால் 27321529, நடுவில் 3215. அப்புறம் 3362, 3030, 1809... பார்க்க நன்றாகத்தானே கலைந்து வருகிறது?

சரி, இப்போது 2100 கொடுத்துப் பார்ப்போம். வர்க்கம் 04410000, நடுவில் 4100. அடுத்து 16810000, நடுவில் 8100. அடுத்து 65610000, நடுவில் 6100. அடுத்து 37210000, நடுவில்... 2100! செக்குமாடு மாதிரி இந்த நான்கையே காலம் முழுக்கச் சுற்றும். 2500 இன்னும் மோசம், வர்க்கம் 06250000, நடுவில் மறுபடி 2500. நகரவே நகராது. இதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

வான் நாய்மனுக்கும் இது தெரியும். கணக்குப் போட்டு ரேண்டம் எண் எடுக்க நினைப்பவர் பாவத்தில் இருக்கிறார் என்று அவரே கிண்டலாகச் சொல்லியிருக்கிறார். பாவம் என்று தெரிந்தே செய்தார், வேலை நடக்க வேண்டுமே!

அப்புறம் லெமர் என்ற கணித அறிஞர், பெருக்கி வகுத்து மீதியை எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1997-ல் ஜப்பானில் உருவான மெர்சென் ட்விஸ்டர் என்ற முறைதான் இன்று பைத்தான் என்ற புரோகிராம் மொழியின் ரேண்டம் தொகுதிக்குள் ஓடுகிறது. அது ஒரு சுற்று முடித்துத் திரும்பி வர எடுக்கும் எண்களின் எண்ணிக்கையை எழுதவே 6002 இலக்கம் வேண்டும். ஆனாலும் அது தரும் 32 பிட் (32 இரும இலக்க) எண்களில் தொடர்ந்து 624 எண்களைப் பார்த்துவிட்டால், அடுத்து வருவதை எல்லாம் நீங்களே சொல்லிவிடலாம். விளையாட்டுக்குப் பரவாயில்லை, பாஸ்வேர்டுக்கு ஆபத்து.

1995-ல் நெட்ஸ்கேப் பிரவுசர் மாட்டியது விதையில்தான். ரகசியச் சாவி உருவாக்க அது விதையாக எடுத்தது, அப்போதைய நேரத்தையும் கணினி தன் புரோகிராம்களுக்குக் கொடுக்கும் வரிசை எண்களையும். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் அதை ஊகித்தே உடைத்துவிட்டார்கள். பூட்டு கெட்டி, சாவி மிதியடிக்குக் கீழே!

(திரையில்: வரிசையாக லாவா விளக்குகள்)

அதனால் விதையை வெளியிலிருந்து எடுக்கிறார்கள். சில்லுக்குள் ஓடும் வெப்ப இரைச்சல், நீங்கள் கீபோர்டைத் தட்டும் இடைவெளி, இதெல்லாம் விதையாகும். கிளவுட்ஃபிளேர் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் சான் பிரான்சிஸ்கோ அலுவலகச் சுவரில் லாவா விளக்குகளை அடுக்கி, மெழுகு ஏறி இறங்குவதைக் கேமராவில் பிடித்து அந்தப் படத்தையே எண்ணாக்குகிறது. கொஞ்சம் பந்தாதான், இருந்தாலும் எனக்குப் பிடித்திருக்கிறது. குறுக்கே யாராவது நடந்து போனாலும் நல்லதுதான், படம் இன்னும் மாறும்!

உங்களுக்கு ஒரு வேலை: வான் நாய்மன் முறையில் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும் நான்கு இலக்க எண் ஒன்றைக் கண்டுபிடித்து கமென்ட்டில் போடுங்கள். 0000 என்று எழுதுகிறவர்களுக்கு லைக் கிடையாது.