வேலை தேடும் இணையத்தளத்தைத் திறப்பவர் ஏன் பாதியில் மூடுகிறார்?

[காட்சி: திருகோணமலை. ஒரு கொமினிக்கேசன் கடை. கவுண்டருக்கு மேலால் போனை நீட்டும் கை.]

குரல்: "அண்ணை, இந்த சீவியை ஒருக்கா அனுப்பி விடுங்கோ."

போன் இருக்கிறது, டேட்டா இருக்கிறது. ஆனாலும் விண்ணப்பம் கடை வழியாகத்தான் போகிறது. ஒரு தொழில்நுட்பத்தை ஆட்கள் கையிலெடுக்க என்ன வேண்டும் என்று ஆராய்ந்த பிரெட் டேவிஸ் 1989இல் இரண்டு காரணம் சொன்னார்: இதால் எனக்குப் பயன் உண்டு என்ற நம்பிக்கை, இது எனக்குச் சிரமமில்லை என்ற நம்பிக்கை. கவனியுங்கள், இரண்டுமே நம்பிக்கைதான். தளம் உண்மையில் எவ்வளவு நல்லது என்பது பிறகு. 2003இல் வெங்கடேஷ் என்ற ஆய்வாளரும் சகாக்களும் இவற்றோடு சுற்றியிருப்போரின் பேச்சையும் கைவசமுள்ள வசதியையும் சேர்த்துக்கொண்டார்கள். மச்சானுக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தால் அந்த வீட்டில் நாலு பேர் கணக்குத் திறப்பது இதனால்தான்.

[காட்சி: போன் திரை. மாவட்டப் பெட்டியில் விரல்.]

கொழும்பு சுமார் 260 கிலோமீட்டர். விண்ணப்பத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு நாள் கூலி போச்சு. ஆக, தளம் இங்கே வெல்ல வேண்டும். ஆனால் மாவட்டம் திருகோணமலை என்று போட்டால் சிலவேளை மூன்று நாலு வெற்றிடம்தான் விழும். "இதில ஒண்டுமில்லை" என்று மூடிவிடுவார்கள். தலைமை அலுவலகம் கொழும்பில் என்றால், இங்குள்ள கிளைக்கான வெற்றிடத்தையும் கொழும்பு என்றே பதிவதுண்டு. மாவட்டப் பெட்டியை வெறுமையாக விட்டு, பதவியின் பெயரால் தேடுங்கள். ஊர்ப்பெயரால் தேடினால் போதாது: சில தளங்களில் விளம்பரம் வெறும் படம், படத்துக்குள் உள்ள எழுத்தைத் தேடல் பிடிக்காது. நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல் வேலை என்றால் பெப்ரவரி, மார்ச்சிலேயே பாருங்கள்; ஏப்ரலில் பருவம் தொடங்கிவிடும்.

[காட்சி: சிவப்பில் ஒரு வரி ஆங்கிலம். பெரிதாக்கிக் காட்டவும்.]

ஆளைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் இந்த வரிதான்: கோப்பு பெரிது, ஏற்க முடியாது. நாலு பக்கச் சீவியைப் போட்டோ பிடித்தால், பக்கம் 3 எம்பி என்று மொத்தம் 12. தளம் ஏற்பது 2 எம்பி என்று வையுங்கள். போனிலேயே கூகிள் டொக்ஸில் தட்டச்சு செய்து பிடிஎப் ஆக்கினால், படமில்லாத இரண்டு பக்கம் ஒரு எம்பியைக்கூடத் தொடாது. கோப்புக்கு உங்கள் பெயரையும் பதவியையும் வையுங்கள்.

கடைக்காரரின் மின்னஞ்சலில் கணக்குத் திறப்பதுதான் இதைவிட மோசம். அழைப்பு அவருடைய பெட்டிக்குப் போகும். அவர் பார்க்கும்போது நேர்முகத் தேர்வு முடிந்திருக்கும், பழி தளத்தின் மேல் விழும்.

[காட்சி: வட்ஸ்அப் செய்தி. "பதிவுக் கட்டணம்" என்ற சொல் வட்டமிடப்படுகிறது.]

நம்பிக்கையை ஒரேயடியாக உடைப்பது காசு. நேர்முகத் தேர்வுக்கு முன் பணமோ அடையாள அட்டைப் படமோ கேட்டால் அனுப்பாதீர்கள். வெளிநாட்டு வேலை என்றால் முகவரின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்டு வாங்கி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு அழைத்துச் சரிபாருங்கள். பணியகத்தின் தொலைபேசி இலக்கம் மனதில் நிற்கும், டேவிஸின் அதே ஆண்டுதான்: 1989.