ஹவல்ஸ் ரெக்கார்டிங்ல வார்த்தை ஏன் புரியல, ஆர்கன் எங்க போச்சு?

அடுத்த கேள்வி. ஒரு நேயர் எழுதியிருக்கார்: "ஹெர்பர்ட் ஹவல்ஸோட கொலீஜியம் ரீகேல் மாலை ஆராதனைப் பாட்டை மூணு ரெக்கார்டிங்ல கேட்டுட்டேன். ஆரம்பம் காதுலயே விழல. கூட்டி வச்சா முடிவுல அலறுது. வார்த்தை பிடிபடல. ஆர்கன் தரையே அதிர்ற மாதிரி உறுமும்னு சொல்றாங்க, எனக்கு அப்படி ஒண்ணும் வரல. கோளாறு ரெக்கார்டிங்லயா, என் ஹெட்போன்லயா?"

கொஞ்சம் உங்க பக்கம், கொஞ்சம் மைக் வச்சவர் பக்கம். மிச்சம் அந்தக் கட்டடத்தோடது. அது கோளாறும் இல்ல.

சத்தத்துல இருந்து வருவோம். ஆங்கில இசையமைப்பாளர் ஹவல்ஸ் இதை 1945ல கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜ் பாடகர் குழுவுக்காக எழுதினார். இதுல ரெண்டு பாட்டு. முதலாவது மேக்னிஃபிக்காட், சிறுவர் குரல்ல மெல்லிசா ஆரம்பிக்கும். அது மரியாள் பாடின பாட்டு, அந்தப் பெண்மை கெடக் கூடாதுங்கிறது அவர் எண்ணம். "பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி"ங்கிற வரியைக்கூட முரட்டுத்தனமா போட்டு நொறுக்கக் கூடாதுன்னு அவரே சொல்லியிருக்கார். அடுத்து வர்ற நுங்க் டிமிட்டிஸ்ல டெனர்ங்கிற உயர்ந்த ஆண் குரல் தனியா பாடும், கிழவர் சிமியோனுக்காக. முழுப் பலமும் ரெண்டு பாட்டுக்கும் கடைசியில வர்ற குளோரியாவுலதான் கொட்டும். அதனால முதல் நிமிஷத்தைக் கேட்டு வால்யூம் வைக்காதீங்க. நேரா குளோரியாவுக்குப் போங்க, அதோட உச்சம் காதுக்கு இதமா இருக்கிற இடத்துல வால்யூமை நிறுத்துங்க, அப்புறம் தொடக்கத்துக்குத் திரும்புங்க. இப்ப தொடக்கம் சன்னமாத்தான் கேக்கும், அது அப்படித்தான் இருக்கணும். ஃபேனை அணைச்சிடுங்க. மேல ஃபேன் சுத்துற அறையில அந்த முதல் பத்து வரியை எந்த ஹெட்போனும் காப்பாத்தாது.

ஆப்ல ஒலி அளவைச் சமப்படுத்துற வசதி இருக்கும், அதையும் பாருங்க. ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனியா சமப்படுத்தினா, சின்னதா இருக்க வேண்டிய பாட்டும் பெருசா இருக்க வேண்டிய பாட்டும் ஒரே உயரத்துக்கு வந்துடும். முழு ஆல்பத்துக்கும் சேர்த்துச் சமப்படுத்துறதா இருந்தா பரவால்ல. இரவு நேர மோடுன்னு ஒண்ணு இருந்தா கண்டிப்பா ஆஃப் பண்ணுங்க. ஹவல்ஸோட சாம் பிரிலூட் (Psalm Prelude) முதல் தொகுதியில முதலாவதைப் போட்டுச் சோதிக்கலாம். அது ஆர்கன் மட்டும். மெல்ல ஏறி, உச்சம் தொட்டு, மெல்ல இறங்கும். உங்க கருவியில அது ஒரே மட்டமா போகுதுன்னா எங்கயோ ஏதோ அமுக்குதுன்னு அர்த்தம்.

இப்ப வார்த்தை விஷயம். கிங்ஸ் சாப்பல் கிட்டத்தட்ட 88 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 24 மீட்டர் உயரம், மேல கல் கூரை. பாடி நிறுத்தின பிறகும் சத்தம் அங்கயே சுத்தும். உயிரெழுத்து அந்த எதிரொலியில நீண்டு நிக்கும். க், ட், ஸ் மாதிரி மெய்யெல்லாம் அடுத்த சுரத்துக்குள்ள முழுகிடும். மைக் பாடகர்கிட்ட நெருங்கினா வார்த்தை தெளியும், ஆனா கட்டடம் போயிடும், தனிக்குரல்கள் துருத்திக்கிட்டு நிக்கும். தள்ளி வச்சா கட்டடம் வரும், வார்த்தை மங்கும். இந்த இசைக்கு என் ஓட்டு கொஞ்சம் தள்ளி வச்சதுக்குத்தான். ஹவல்ஸ் எழுதினது பாடகருக்கு மட்டுமில்ல, அந்தச் சுவருக்கும் சேர்த்து. 1951ல இதே ரெண்டு பாட்டையும் லண்டன் செயின்ட் பால்ஸ் கதீட்ரலுக்கு வேற இசையில எழுதினப்போ, அந்தப் பெரிய குவிமாடத்தோட நீண்ட எதிரொலிக்காக ஸ்வரக்கூட்டுகளை அவசரமா மாத்தாம அகலமா விரிச்சு எழுதினார். அந்த செயின்ட் பால்ஸ் சர்வீஸை அதே கதீட்ரல் குழு ஜான் ஸ்காட் தலைமையில ஹைப்பீரியன் இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பாடின பதிவுல கேளுங்க. அந்த நிதானம் எதுக்குன்னு தெரியும்.

வார்த்தைக்குச் சுலபமான வழி ஒண்ணு இருக்கு. தமிழ் வேதாகமத்தை மடியில வச்சுக்குங்க. லூக்கா 1ஆம் அதிகாரம் 46ல இருந்து 55 வரைக்கும் மேக்னிஃபிக்காட். "என் ஆத்துமா கர்த்தரை மகிமைப்படுத்துகிறது", அதேதான். 2ஆம் அதிகாரம் 29ல இருந்து 32 வரைக்கும் நுங்க் டிமிட்டிஸ். ரெண்டுக்கும் கடைசியில பிதா, குமாரன், பரிசுத்த ஆவிக்கு மகிமைன்னு வர்றது குளோரியா. சி.எஸ்.ஐ. மாலை ஆராதனைக்குப் போறவங்களுக்கு இது மனப்பாடமாவே இருக்கும்.

ஆர்கனுக்கு வருவோம், உங்க ஹெட்போன் மாட்டிக்கிற இடம் இதுதான். ஆர்கன் குழாயை அடிக்கணக்குல சொல்வாங்க. 8 அடி குழாய் வரிசையோட ஆகக் கீழ் சுரமான ஸி சுமார் 65 ஹெர்ட்ஸ், 16 அடி 33, 32 அடி வெறும் 16. மொபைல் ஸ்பீக்கர் 200க்குக் கீழ ஏறக்குறைய ஒண்ணுமே தராது. அஞ்சு அங்குல கோன் போட்ட சின்ன ஸ்பீக்கர் 50, 60 வரைக்கும் முக்கும். 16 ஹெர்ட்ஸை நாம காதால கேக்குறதைவிட உடம்பால உணர்றதுதான் அதிகம், அதனால ஹெட்போன்ல தரை அதிராது. நல்ல ஹெட்போன்ல 33 வரும், அதோட திருப்திப்படுங்க. பேஸ் குமிழைத் திருப்பாதீங்க. அது தூக்குறது பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸ் பக்கம். அங்க இருக்கிறது ஆண் குரல்களோட அடிப்பகுதி, அது பானைக்குள்ள பேசுற மாதிரி ஆயிடும்.

ரெக்கார்டிங் பக்கமும் தப்பு இருக்கலாம். எல்லாப் பக்கமும் வாங்குற ஆம்னி மைக் அடிச்சத்தத்தை, அதாவது பேஸை, முழுசா எடுக்கும். ஒரு பக்கம் மட்டும் வாங்குற கார்டியாய்டு மைக் தூரத்துல வச்சா அடியை இழந்துடும். பழைய எல்.பி. இசைத்தட்டுக்கு இன்னொரு கட்டுப்பாடு: ஆழமான பேஸ் வந்தா பள்ளம் அகலமாகும், ஊசி துள்ளும். அதனால தட்டை வெட்டும்போதே பேஸைக் குறைச்சாங்க. அதே டேப்பை சி.டி.க்கு மாத்தினப்போ சில பதிவுகள்ல அது திரும்பி வந்துச்சு. டேப் இரைச்சலும் கூடவே வந்துச்சு, அது வேற.

ஆர்கனும் குழுவும் ஒட்டாம இருக்குன்னு தோணினா, அது எப்பவும் தப்பாட்டம் இல்ல. சத்தம் 34 மீட்டர் போக பத்துல ஒரு பங்கு வினாடி ஆகும். ஆர்கன் வாசிக்கிறவர் காதை நம்பாம, கண்ணாடியிலயோ கேமரா திரையிலயோ நடத்துனர் கையைப் பார்த்து வாசிப்பார். மைக் நிக்கிற இடத்துல ரெண்டும் ஒண்ணு சேருதாங்கிறது பதிவு செய்றவர் பொறுப்பு.

இன்னொரு சோதனை: குழு ரெண்டு பாதியா எதிரெதிரா உக்காரும், டெகானி, கான்டோரிஸ்னு பேர். வேதாகமத்துச் சங்கீதங்களைப் பாடும்போது வசனம் மாறி மாறி ரெண்டு பக்கத்துல இருந்தும் வரும். ஸ்டீரியோவுல அது இடமும் வலமுமா ஆடலைன்னா ஃபோன் அமைப்புல மோனோ ஆடியோ ஆன் ஆகியிருக்கா பாருங்க.

எதை வாங்கலாம்னா, கிங்ஸ் குழு டேவிட் வில்காக்ஸ் காலத்துல ஆர்கோ நிறுவனத்துக்குப் பாடினதை முதல்ல கேளுங்க. அந்தக் கட்டடம் அதுல இருக்கு. வார்த்தை தெளிவா வேணும்னா கிறிஸ்டோஃபர் ராபின்சன் தலைமையில செயின்ட் ஜான்ஸ் காலேஜ் குழு நாக்ஸோஸ் நிறுவனத்துக்குப் பண்ணின ஆங்கில சர்ச் இசை வரிசைக்குப் போங்க, ஹவல்ஸுக்கும் அதுல ஒரு தட்டு உண்டு. தேடும்போது மட்டும் கவனம். கொலீஜியம் ரீகேல்னா கிங்ஸ் காலேஜ்னுதான் பொருள், சார்ல்ஸ் வுட்டும் அதே பேர்ல எழுதியிருக்கார். ஹவல்ஸ்லயே காலை ஆராதனைக்கான டே டேயூம் (Te Deum), ஜூபிலாட்டே (Jubilate) ரெண்டும் 1944ல வந்தது, திருவிருந்துப் பகுதி 1956ல. உங்களுக்கு வேண்டியது மேக்னிஃபிக்காட், நுங்க் டிமிட்டிஸ்னு ரெண்டு பேரும் போட்ட டிராக்.