ஆறு கோர்ட்டிலும் ஒரே நேரத்தில்

நேயர்களுக்கு வணக்கம்.

2006 அமெரிக்க ஓப்பன் டென்னிஸில் ஆந்த்ரே அகாசி தன் கடைசி ஆட்டம் முடிந்து கண்கலங்கி நின்றது பலருக்கு நினைவிருக்கும். அன்று அவரை வென்றவர் பெஞ்சமின் பெக்கர் என்ற ஜெர்மன்காரர். இரண்டு ஆண்டு முன்புதான் அவர் டெக்ஸாஸின் பேய்லர் பல்கலைக்கழகத்துக்காக ஆடி, அமெரிக்கக் கல்லூரிகளின் ஒற்றையர் பட்டத்தை வென்றிருந்தார்.

டென்னிஸ் அணிக்கு வெளிநாட்டுப் பிள்ளைகளைத் தேடி அழைப்பது அமெரிக்கக் கல்லூரிகளில் பழைய வழக்கம். ஈக்வடாரின் பாஞ்சோ செகுரா 1943 முதல் 1945 வரை மயாமி பல்கலைக்கழகத்துக்காக ஆடித் தொடர்ந்து மூன்று முறை பட்டம் வென்றார். அப்புறம் அது பெருகியதற்குக் காரணம் உதவித்தொகைக் கணக்கு. அண்மைக்காலம் வரை முதல்நிலைக் கல்லூரிகளில் ஆண்கள் அணிக்கு மொத்தமே நாலரை உதவித்தொகைதான், பெண்களுக்கு எட்டு. நாலரையை எட்டு, ஒன்பது பையன்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒருவனுக்கு முழுசாக, இன்னொருவனுக்குப் பாதி, அடுத்தவனுக்குக் கால்வாசி. இந்த நெருக்கடியில், பதினெட்டு வயதிலேயே தயாராக இருக்கும் ஆட்டக்காரன் எந்த ஊரில் இருந்தாலும் பயிற்சியாளர் தேடிப் போவார். 2025இல் விதி மாறி, புதிய விதியை ஏற்ற கல்லூரிகளில் அணிக்குப் பத்துப் பேர் வரை உதவித்தொகை தரலாம் என்று வந்திருக்கிறது.

தேடுவதும் இன்று எளிது. ஆட்டத் திறனை எண்ணால் மதிப்பிடும் யூ.டி.ஆர். என்ற ஒரே அளவுகோலில் மதுரைப் பையனையும் மாட்ரிட் பையனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அடுத்தது வீடியோ. என்னிடம் பயிலும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: போனைக் கோர்ட்டின் கடைசிக் கோடான பேஸ்லைனுக்குப் பின்னால் கம்பியில் கட்டுங்கள், பாட்டுப் போடாதீர்கள், தப்பாக அடித்த பந்தை வெட்டாதீர்கள். தப்புக்கு அடுத்த பந்தில் உங்கள் கால் எப்படி நகர்கிறது என்று பார்க்கத்தான் அமெரிக்கப் பயிற்சியாளர்கள் வீடியோவே கேட்கிறார்கள்.

"காலேஜுக்குப் போனால் டென்னிஸ் போச்சே சார்" என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அங்கே இரண்டு கல்லூரி அணிகள் மோதுவதைப் பார்த்தால் அந்தப் பயம் போய்விடும். முதலில் மூன்று இரட்டையர் ஆட்டம். இரண்டில் ஜெயித்த அணிக்கு ஒரு புள்ளி. பிறகு ஆறு ஒற்றையர், பெரும்பாலும் ஆறு கோர்ட்டிலும் ஒரே நேரத்தில். நாலு புள்ளி எடுத்த அணி வெல்லும். மூன்றுக்கு மூன்று என்று நின்றால், கடைசிக் கோர்ட்டைச் சுற்றி இரண்டு அணியும் கூடிக் கத்தும். சின்ன வயதிலிருந்து தனியாகவே ஆடிப் பழகிய பிள்ளைக்கு அந்த ஐந்து நிமிடம் பெரிய பாடம்.

தங்கள் பிள்ளைகளின் இடம் வெளிநாட்டவருக்குப் போகிறது என்று அமெரிக்கப் பெற்றோருக்கு ஒரு மனக்குறை உண்டு. அது நியாயமானதுதான். ஆனால் அந்தப் போட்டியில் தேறி வந்தவர்தான் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் பென் ஷெல்டன். 2022இல் கல்லூரிப் பட்டம், அடுத்த ஆண்டே அமெரிக்க ஓப்பன் அரையிறுதி.

நம் பக்கம் வருவோம். சென்னையில் ஆடி வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன், அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008 இரண்டு ஆண்டும் பட்டம் வென்றார். 2007 இறுதியில் வீழ்த்தியது, பின்னாளில் உலகின் முதல் பத்துக்குள் வந்த ஜான் இஸ்னரை! 2009 ஜனவரியில் சென்னை ஓப்பன் இறுதி வரை வந்தார். இப்போது மதுரை தக்ஷிணேஸ்வர் சுரேஷ். வேக் ஃபாரஸ்ட் கல்லூரியில் ஆடிக்கொண்டே 2025 செப்டம்பரில் நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்காக ஆட வந்தார். உலகத் தரவரிசையில் அறுநூறைத் தாண்டி இருந்தவர், சுவிட்சர்லாந்தின் பீல் நகரில், அந்த நாட்டு ரசிகர்கள் முன்னால், சுவிஸ் வீரர் ஜெரோம் கிம்மை நேர் செட்களில் வென்றார்.