இடுப்பெலும்பு முறிவு: எந்தப் படம், எப்போது?

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். "எக்ஸ்ரேயில ஒண்டுமில்லை எண்டுதானே சொன்னாங்க, பிறகேன் ஸ்கான் எடுக்கச் சொல்லுறாங்க?" விபத்துப் பிரிவு வாசலில் உறவினர்கள் அடிக்கடி கேட்பது இது. நியாயமான கேள்வி.

பொத்துவிலிலிருந்து கல்முனை வழியாக மட்டக்களப்புக்கு வரும் ஏ4 வீதியில் இரவில் விளக்கில்லாத உழவு இயந்திரத்தோடு மோட்டார் சைக்கிள் மோதினால், காயம் பெரும்பாலும் இடுப்புக்குக் கீழேதான். இரண்டு இடுப்பெலும்புகளும் பின்னால் முதுகெலும்பின் அடியிலுள்ள திருவெலும்பும் சேர்ந்தது ஒரு வளையம். கண்ணாடி வளையலைப் போல, ஓரிடத்தில் உடைந்திருந்தால் இன்னோரிடத்திலும் தேட வேண்டும். முன்பக்க முறிவு படத்தில் பளிச்சென்று தெரியும், பின்பக்கம் ஒளிந்துகொள்ளும்.

முதலில் எடுப்பது முன்பின் எக்ஸ்ரே. நோயாளியைக் கட்டிலிலிருந்து அசைக்காமலே சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். முன்னால் இரு எலும்புகளும் சந்திக்கும் இடைவெளி வளர்ந்தவர்களில் சாதாரணமாக 5 மில்லிமீற்றர் அளவு. அது 2.5 சென்றிமீற்றரைத் தாண்டினால் பின்னால் திருவெலும்போடு சேரும் மூட்டின் முன்புற இணையங்களும் (எலும்புகளைப் பிணைக்கும் நார்கள்) அறுந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம். உடனே இடுப்பு வளையத்தை இறுக்கிப் பிடிக்கும் பட்டி கட்டவும் இரத்தம் ஏற்றவும் இந்தத் தகவல் போதும். ஆனால் குடல் வாயுவும் மலமும் திருவெலும்பை மறைப்பதால் அங்குள்ள முறிவுகள் எக்ஸ்ரேயில் தவறிப்போகின்றன. ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்பின் பக்க நீட்சியில் ஒரு சிறு துண்டு உடைந்திருப்பதை அற்பமென்று விடக்கூடாது. வளையம் மேல்நோக்கி நழுவியதன் தடயமாக அது இருக்கலாம்.

பட்டியிலும் ஒரு பொறி உண்டு. சரியாகக் கட்டினால் விரிந்த வளையம் மூடிக்கொள்ளும். படம் 'நல்லா இருக்கு' என்று பொய் சொல்லும். சி.டி. ஸ்கானும் அப்படியே ஏமாறும். ஆகவே இரத்த அழுத்தம் நிலைத்த பின், வைத்தியர் முன்னிலையில் பட்டியைத் தளர்த்தி இன்னொரு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கட்டும் இடமும் முக்கியம்: சாரம் கட்டும் இடுப்பில் அல்ல, அதற்குக் கீழே தொடையெலும்பு பக்கவாட்டில் புடைத்திருக்கும் மட்டத்தில். இடுப்பில் கட்டிய பட்டி பெயருக்குத்தான்.

வயிற்று அல்ட்ராசவுண்ட் வயிற்றறைக்குள் தேங்கிய இரத்தத்தைக் காட்டும். அதற்குப் பின்னால், இடுப்புக்குள் லீற்றர் கணக்கில் சேரும் இரத்தத்தை அதில் நம்பிப் பார்க்க முடியாது. 'அல்ட்ராசவுண்ட் சுத்தம்' என்றால் இரத்தம் போகவில்லை என்று அர்த்தமில்லை.

இந்தப் படங்களில் அதிகம் சொல்வது சி.டி. மெல்லிய வெட்டுகளில் திருவெலும்பும் தொடையெலும்பு பொருந்தும் கிண்ணமும் தெளிவாகத் தெரியும். நாளத்தில் படத்தில் தெரியும் மருந்தைச் செலுத்தி எடுத்தால் எந்தத் தமனி கசிகிறது என்பதும் தெரியும். அழுத்தம் சரிந்துகொண்டிருப்பவரை அந்த மேசையில் படுக்க வைப்பதா என்பது வேறு கணக்கு: அவருக்கு முதலில் தேவை இரத்தப்போக்கை நிறுத்துவது. எக்ஸ்ரே கருவியின் குழாயை 45 பாகை அளவு சாய்த்து எடுக்கும் பழைய எக்ஸ்ரே கோணங்கள் இன்று சத்திரசிகிச்சைக் கூடத்திலும் பின்தொடர்விலும்தான் கூடுதலாக உதவுகின்றன; அவற்றுக்காக சி.டி. இல்லாத வைத்தியசாலையில் நேரம் கடத்தக்கூடாது.

ஆணுறுப்பின் நுனியில் இரத்தம் தெரிந்தால், சிறுநீர்க் குழாயைப் படம்பிடிக்காமல் கதீற்றர் (சிறுநீர் வடிக்கும் குழாய்) போட வேண்டாம். அந்தப் படத்தை மருந்து செலுத்திய சி.டி.க்குப் பிறகே எடுப்பது நல்லது. முன்னதாக எடுத்தால், அதற்குச் செலுத்தி வெளியே கசிந்த மருந்து சி.டி.யில் தமனிக் கசிவை மறைத்துவிடும்.

எம்.ஆர்.ஐ. (காந்த ஸ்கான்) முதல் மணித்தியாலத்துக்குரியதல்ல. சைக்கிளிலிருந்து விழுந்த முதியவருக்கு எக்ஸ்ரே சுத்தம், ஆனால் கால் ஊன்ற முடியவில்லை என்றால் அப்போது அது பேசும். கர்ப்பிணியாக இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள், ஆனால் தேவையான படத்தை மறுக்க வேண்டாம்.

இடம் மாற்றும்போது அறிக்கை மட்டும் போதாது. எடுத்த படங்கள் பதிந்த சீடித் தட்டும், பட்டி கட்டிய நேரமும் அம்புலன்ஸில் கூடவே போக வேண்டும்.