இரவு ரோந்தும் இடுப்புத் துப்பாக்கியும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். ரோந்து செல்லும் காவலர் துப்பாக்கி ஏந்த வேண்டுமா என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

2021 நவம்பரில், திருச்சி மாவட்டம் நவல்பட்டு காவல் நிலையத்தைச் சேர்ந்த சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர், இரவு ரோந்தின்போது ஆடு திருடிச் சென்றவர்களைத் துரத்திப் போய், புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே வெட்டிக் கொல்லப்பட்டார். அதன்பின், ரோந்து செல்வோர் துப்பாக்கி வைத்திருக்க வேண்டும், உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் பயன்படுத்தத் தயங்கக் கூடாது என்று அன்றைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு அறிவுறுத்தினார். அந்த அறிவுரைக்குப் பின்னிருந்த வேதனையை நான் மதிக்கிறேன். ஆயினும், அவ்வழக்கில் பிடிபட்டவர்களில் இருவர் சிறுவர்கள் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. கையில் துப்பாக்கி இருந்திருந்தால் அந்த அதிகாரி பிழைத்திருக்கலாம். இருட்டில் ஒரு சிறுவன் இறந்திருக்கவும் கூடும். இவை இரண்டையும்விட என்னை உறுத்துவது, அந்த நேரத்தில் அவர் தனியாக நின்றார் என்பதுதான்.

திருடியவன் ஓடுகிறான் என்பதற்காக அவனைச் சுட்டுக் கொல்லச் சட்டம் இடம் தரவில்லை. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாத ஒருவரைக் கைது செய்யும் முயற்சியில் உயிர்ச்சேதம் விளைவிக்கும் உரிமை காவலருக்கு இல்லை என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆம் பிரிவு சொல்கிறது. தாக்க வருபவனிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை வேறு. அது காவலருக்கும் உண்டு, நமக்கும் உண்டு.

கூட்டத்தின் முன் துப்பாக்கி என்ன செய்யும் என்பதை இந்தக் காவிரிக் கரை அறியும். 1946 செப்டம்பர் 5 அன்று திருச்சி பொன்மலையில் போராடிய ரயில்வே தொழிலாளர்மீது ஆயுதக் காவலர் சுட்டதில் ஐவர் மாண்டனர். 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகப் போராடியவர்கள்மீது காவலர் சுட்டதில் 13 பேர் உயிரிழந்தார்கள். அங்கே காவல்துறை வரம்பு மீறியது என்று நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் பின்னர் கூறியது. வாய்க்கால் மதகடியில் தண்ணீர் முறைக்காக இரண்டு ஊர்கள் மோதும்போதும், தேரோட்டத்தில் தகராறு மூளும்போதும், நடுவில் போய் நிற்கும் காவலருக்குப் பெரும்பாலும் கைகொடுப்பது ஊராரோடு அவருக்குள்ள பழக்கமும் பேச்சுமே. அங்கே இடுப்பில் தொங்கும் துப்பாக்கி அந்தப் பேச்சைத் தொடங்கும் முன்பே முடித்துவிடும்; நெரிசலில் அதை யாரேனும் பிடுங்கிவிடும் ஆபத்தும் உண்டு.

1829இல் தொடங்கிய லண்டன் பெருநகரக் காவல்துறையில் சாதாரண ரோந்துக் காவலர் துப்பாக்கி ஏந்துவதில்லை. தேவைப்படும் இடத்துக்குத் தனிப் பயிற்சி பெற்ற ஆயுதப் பிரிவினர் வருகிறார்கள். அதே நாட்டுக்குள், நெடுங்காலம் வன்முறை கண்ட வட அயர்லாந்தில் காவலர் ஆயுதத்துடனேயே பணியாற்றுகிறார்கள். இடத்தையும் ஆபத்தையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். கொள்ளிடக் கரையில் மணல் கடத்தலைத் தடுக்கவும், ஆளரவமற்ற சாலைகளில் நள்ளிரவு ரோந்துக்கும் செல்வோருக்குத் துப்பாக்கி கொடுங்கள். ஆனால் ஒருவரையும் தனியாக அனுப்பாதீர்கள். குறி தவறாமல் சுடும் பயிற்சியும், சுடாமல் நிலைமையைத் தணிக்கும் பயிற்சியும் கொடுங்கள். பகல் பணிக்கும் திருவிழாவுக்கும் போராட்டப் பந்தலுக்கும் செல்லும் காவலரின் துப்பாக்கி நிலையத்திலேயே பூட்டியிருக்கட்டும். வெளியே சென்ற ஒவ்வொரு தோட்டாவும் திரும்பி வந்ததா என்று விடிந்ததும் பதிவேட்டில் எழுதி, ஆய்வாளர் கையொப்பமிட வேண்டும்.